உங்களுக்குத் தெரியுமா? மிதாலி முதல் கமலினி வரை

பள்ளிக்கரணை, நாராயணபுரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வாசகர்களே, இந்த முறை பத்தி முழுக்க கிரிக்கெட். அதிலும் பெண்கள் கிரிக்கெட். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்பவர்கள் கீழே உள்ளதில் பாதியை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சபாஷ்!

★ 1999 ஜூன் 26. இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்ற ஊர். அயர்லாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் முதலில் மட்டை பிடித்தார்கள். 50 ஓவர் முடிந்தபோது ஸ்கோர் 258. விழுந்த விக்கெட் பூஜ்யம்! ரேஷ்மா காந்தி 104, மிதாலி ராஜ் 114. இரண்டு பேருக்குமே அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். மிதாலிக்கு அன்று வயது 16 வருடம் 205 நாள். நம் ஊர்க் கணக்கில் பதினோராம் வகுப்புப் பிள்ளை.

ஒருநாள் ஆட்டத்தில் மிக இளம் வயதில் சதம் அடித்தவர் என்ற அந்தச் சாதனை 22 வருடம் அசையவில்லை. 2021 அக்டோபரில் அதை முறியடித்த ஏமி ஹன்டர் எந்த நாட்டுக்காரர் தெரியுமா? அயர்லாந்து! ஜிம்பாப்வேக்கு எதிராகச் சதம் அடித்த அன்று அவருக்குப் பதினாறாவது பிறந்தநாள்.

சரி, அந்த ரேஷ்மா காந்தி என்ன ஆனார்? முதல் ஆட்டத்திலேயே சதம் அடித்த அவர் இந்தியாவுக்காக ஆடியது மொத்தம் இரண்டே ஒருநாள் ஆட்டங்கள். இந்தப் பத்தியில் இன்னும் சிலருக்கு இதே கதைதான். ரன் அடிப்பார்கள், ஆட்டம்தான் கிடைக்காது.

★ மிதாலி ராஜை ஹைதராபாத்காரர் என்றே பலரும் நினைக்கிறார்கள். வளர்ந்தது அங்கேதான், செகந்திராபாத் பக்கம். பிறந்தது 1982 டிசம்பர் 3-ஆம் தேதி ராஜஸ்தானின் ஜோத்பூரில். குடும்பமோ தமிழ்க் குடும்பம். அப்பா துரை ராஜ் இந்திய விமானப்படையில் வேலை பார்த்தவர், அம்மா லீலா ராஜ். தாம்பரம், சேலையூர் பக்கம் விமானப்படைக் குடும்பங்களோடு பழகியவர்களுக்கு இது புரியும்: ஒரு ஊரில் பிறப்பு, இன்னொரு ஊரில் பள்ளிக்கூடம், வீட்டுக்குள் மட்டும் சொந்த மொழி.

2019-ல் சமூக வலைத்தளத்தில் ஒருவர் "இவருக்குத் தமிழே தெரியாது" என்ற பாணியில் வம்பிழுத்தார். மிதாலி தமிழிலேயே பதில் போட்டார்: தமிழ் தன் தாய்மொழி, நன்றாகவே பேசுவேன் என்று. அடுத்த பந்து வரவில்லை.

★ அவர் கிரிக்கெட்டுக்கு வந்த காரணத்தைக் கேட்டால் பல வீட்டு அம்மாக்களுக்குச் சிரிப்பு வரும். தூக்கம்! காலையில் எழுந்திருக்கவே மாட்டாராம். பட்டாளத்து ஒழுங்கில் ஊறிய அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அண்ணன் மிதுன் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகும்போது இவளையும் கூட்டிக்கொண்டு போனால் பழக்கம் மாறும் என்று அனுப்பினார். மைதான ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த சிறுமி ஒருநாள் மட்டையைக் கையில் எடுத்தார். அதை அவர் பிடித்த விதத்தைப் பயிற்சியாளர் ஜோதி பிரசாத் கவனித்தார். பிள்ளையின் தூக்கம் கலைந்ததோ இல்லையோ, பின்னாளில் எதிரணிப் பந்துவீச்சாளர்கள் பலருடைய தூக்கம் போனது.

★ அதற்கு முன்பே அவர் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தார். ஓரிரு மாதம் போய்விட்டு நின்ற கதையல்ல, ஏறக்குறைய எட்டு வருடம். கிரிக்கெட்டா, நடனமா என்ற கட்டம் வந்தபோது சலங்கையைக் கழற்றி வைத்தார். அவருடைய கவர் டிரைவைப் பார்த்தவர்கள் முன்னங்கால் போகும் இடத்தையும் முழங்கை நிற்கும் உயரத்தையும் பார்த்துவிட்டு "இது நாட்டியம் தந்த வரம்" என்பார்கள். எழுதுவதற்கு அழகான வரிதான். ஆனால் காலையும் மாலையும் வலைப்பயிற்சியில் அடித்த பந்துகளுக்குத்தான் அதில் பெரிய பங்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

★ ஜோதி பிரசாத் அவரை அனுப்பி வைத்தது சம்பத் குமார் என்ற கறாரான பயிற்சியாளரிடம். "இந்தப் பெண் இந்தியாவுக்கு ஆடுவாள்" என்று பெற்றோரிடம் அடித்துச் சொன்னவர் அவர். 1997-ல் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது 14 வயது மிதாலியின் பெயர் உத்தேசப் பட்டியல் வரை வந்தது. இறுதி அணியில் இடம் கிடைக்கவில்லை. அதே வருடம் சம்பத் குமார் விபத்தில் இறந்துபோனார். சொன்னது பலித்ததைப் பார்க்க அவர் இல்லை.

★ அந்த 1997 உலகக் கோப்பையின் ஓர் அரையிறுதி நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதின, நியூசிலாந்து வென்றது. ஊரில் பாதிப் பேருக்கு இது நடந்ததே தெரியாது.

அதே போட்டியில் மும்பையில் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் டென்மார்க்கை அடித்த அடி: ஆட்டமிழக்காமல் 229. ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் முதல் இரட்டைச் சதம் சச்சினுடையது என்று யாராவது வினாடி வினாவில் பதில் சொன்னால் மார்க் போடாதீர்கள். சச்சின் அதைச் செய்தது 2010-ல். பெலிண்டா அவருக்குப் 12 வருடம் மூத்தவர், சாதனைக் கணக்கில்.

★ இன்னொரு வினாடி வினாக் கேள்வி. கிரிக்கெட் உலகக் கோப்பை முதன்முதலில் நடந்த வருடம்? 1975 என்றால் தவறு. அது ஆண்களுக்கு. பெண்கள் 1973-லேயே இங்கிலாந்தில் நடத்தி முடித்துவிட்டார்கள்.

★ இனி டெஸ்ட். 2002 ஜனவரியில் லக்னோவில், இங்கிலாந்துக்கு எதிராக மிதாலியின் முதல் டெஸ்ட். எடுத்த ரன்: 0. ஏழு மாதம் கழித்து இங்கிலாந்தின் டான்டனில் தன்னுடைய மூன்றாவது டெஸ்ட்டில் 407 பந்து ஆடி 214 ரன் எடுத்தார். அன்றைய உலக சாதனை ஆஸ்திரேலியாவின் கேரன் ரோல்டன் எடுத்த 209. அதைத் தாண்டியபோது மிதாலிக்கு வயது 19. இரண்டு வருடத்துக்குள் பாகிஸ்தானின் கிரண் பலூச் 242 எடுத்து அதை முறியடித்தார். ஆனால் இந்தியப் பெண் ஒருவரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோர் இன்றைக்கும் அந்த 214 தான்.

407 பந்து என்றால் நம் தெரு கிரிக்கெட்டில் "கட்டை போடுறா" என்று கத்தியிருப்பார்கள். நாள் கணக்கில் நின்று கட்டை போட ஒரு தனித் தெம்பு வேண்டும்.

★ இப்படி ஆடியவருக்கு 20 வருடத்தில் கிடைத்த டெஸ்ட் எத்தனை? பன்னிரண்டு! 699 ரன், சராசரி 43.68. 2006-க்கும் 2014-க்கும் நடுவில் இந்தியப் பெண்கள் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 2014 நவம்பரிலிருந்து 2021 ஜூன் வரை மறுபடியும் ஒன்றுமில்லை. விளையாட்டுக்காரருக்கு 24 வயதிலிருந்து 38 வரை உள்ள வருடங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லவேண்டியதில்லை. அதில் அவர் ஆடிய டெஸ்ட் இரண்டே இரண்டு.

மிதாலியைப் பற்றிய கட்டுரைகளில் ரன் கணக்கு நிறைய வரும். நான் பார்க்கச் சொல்வது இந்த ஆட்டக் கணக்கை.

★ அந்த எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு நடந்த டெஸ்ட், 2014 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வார்ம்ஸ்லி மைதானத்தில். இந்திய அணியின் பதினோரு பேரில் எட்டுப் பேருக்கு அதுதான் முதல் டெஸ்ட். வெள்ளை உடையும் சிவப்புப் பந்தும் அவர்களுக்குப் புதுசு. அந்த எட்டில் இரண்டு பேர் சென்னைப் பெண்கள்: வேகப்பந்து வீசும் நிரஞ்சனா நாகராஜன், இடதுகை ஆட்டக்காரர் திருஷ் காமினி.

முதல் இன்னிங்சில் இங்கிலாந்து 92 ரன்னுக்குச் சுருண்டது. நிரஞ்சனா எடுத்தது 19 ரன்னுக்கு 4 விக்கெட். கடைசி இன்னிங்சில் இந்தியாவுக்கு 181 வேண்டியிருந்தது. கேப்டன் மிதாலி ஆட்டமிழக்காமல் 50 எடுத்துக் கரை சேர்த்தார். ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி! மறுநாள் நம் நாளிதழ்களில் எத்தனை சென்டிமீட்டர் இடம் கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

★ திருஷ் காமினியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் யார் என்றால் பலரும் மிதாலி என்பார்கள், அல்லது ஹர்மன்பிரீத் என்பார்கள். இருவரும் இல்லை. 2013 ஜனவரி 31, மும்பை பிரேபோர்ன் மைதானம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக காமினி சரியாக 100. பூனம் ராவத்தோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 175 ரன். ஹர்மன்பிரீத்தின் சதமும் மிதாலியின் சதமும் அதே போட்டியில் அடுத்த சில நாட்களில் வந்தன. வாசலைத் திறந்தவர் சென்னைக்காரர்.

அடுத்த வருடம் நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட். காமினி 192. மறுபடியும் பூனம் ராவத் துணை, இரண்டாவது விக்கெட்டுக்கு 275 ரன். இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. இரட்டைச் சதத்துக்கு எட்டு ரன் குறைவு. பரவாயில்லை, அடுத்த டெஸ்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால்? அடுத்த டெஸ்ட் வரவே இல்லை. அது அவருடைய இரண்டாவது டெஸ்ட். அதுவே கடைசி. 192 அடித்த பிறகும் வாய்ப்பே கிடைக்கவில்லை!

★ கொஞ்சம் பின்னால் போவோம். இந்தியப் பெண்கள் அணியின் முதல் டெஸ்ட் 1976 அக்டோபர் 31-ல் பெங்களூரில் தொடங்கியது. கேப்டன் சாந்தா ரங்கசாமி. ஆடியது கர்நாடகத்துக்கு, ஆனால் பிறந்தது 1954 புத்தாண்டு தினத்தில், சாட்சாத் மெட்ராஸில். அதே தொடரில் பாட்னாவில் முதல் டெஸ்ட் வெற்றி. 1977-ல் நியூசிலாந்தின் டனிடினில் 108, அதுதான் டெஸ்ட்டில் இந்தியப் பெண் ஒருவரின் முதல் சதம். அர்ஜுனா விருது பெற்ற முதல் கிரிக்கெட் வீராங்கனையும் அவரே.

அந்த முதல் தலைமுறை அணியில் மெட்ராஸ்காரர்கள் இன்னும் உண்டு. விக்கெட் கீப்பர் பவுசியா கலீலி ஒருவர். சுதா ஷா இன்னொருவர்: 21 டெஸ்ட் ஆடியவர், பின்னால் இந்தியப் பெண்கள் அணிக்கே பயிற்சியாளராக இருந்தவர்.

★ அந்தக் காலத்தில் பெண்கள் கிரிக்கெட்டை நடத்தியது கிரிக்கெட் வாரியம் இல்லை. 1973-ல் உருவான இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் என்ற தனி அமைப்பு. கையில் காசு கிடையாது. முன்பதிவில்லாப் பெட்டியில் ரயில் பயணம், பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்கை. 2006-ல்தான் வாரியம் பெண்கள் கிரிக்கெட்டைத் தன் கீழ் எடுத்துக்கொண்டது.

★ அதற்கு முந்தைய வருடம், 2005-ல், தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 22 வயது கேப்டன் மிதாலி அணியை முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 91. இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 98 ரன் வித்தியாசத்தில் தோல்வி. உலகத்தில் இரண்டாம் இடம் பிடித்த அந்த அணிக்குக் கிடைத்த பணம்? ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் என்று மிதாலியே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2017-ல் இரண்டாம் இடம் வந்தபோது வாரியம் ஆளுக்கு 50 லட்சம் கொடுத்தது. 2022 அக்டோபரில் ஆண்களுக்குச் சமமான ஆட்ட ஊதியம் என்று அறிவிப்பு: டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். 2025-ல் உலகக் கோப்பையை வென்ற அணிக்கு 51 கோடி. நல்ல காலம் வந்துவிட்டது, சந்தேகமில்லை. ஆனால் ஊதியம் ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. வருடத்தில் எத்தனை டெஸ்ட் என்பது இன்னும் கை விரலுக்குள் அடங்குகிறது.

★ வாரியம் கைவிட்டிருந்த காலத்திலும் கைகொடுத்த ஒரு நிறுவனம் உண்டு. நம் தாம்பரத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த நிறுவனம்: ரயில்வே! விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, மாதச் சம்பளம், பயிற்சிக்கு நேரம். உள்நாட்டுப் போட்டிகளில் ரயில்வே பெண்கள் அணி வருடக்கணக்கில் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காததற்கு இதுதான் காரணம். மிதாலியும் ரயில்வேக்கு ஆடியவர்தான்.

★ 2017 ஜூன், டெர்பி. உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். கால் பேட் கட்டிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்த மிதாலி செய்துகொண்டிருந்தது என்ன? புத்தகம் படித்துக்கொண்டிருந்தார், ரூமியை! அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய் 71 ரன் எடுத்தார். தொடர்ச்சியாக ஏழாவது அரைச்சதம்.

அதே போட்டிக்குமுன் ஒரு நிருபர் "உங்களுக்குப் பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார்?" என்று கேட்டார். ஆண் வீரர்களிடம் போய்ப் பிடித்த வீராங்கனை யார் என்று கேட்பீர்களா என்று திருப்பிக் கேட்டார் மிதாலி. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி கொஞ்சம் வழக்கொழிந்தது.

★ 2017 ஜூலை 23, லார்ட்ஸ். இறுதி ஆட்டம். இங்கிலாந்து 228. இந்தியா 3 விக்கெட்டுக்கு 191 வரை போய்விட்டது. டி.வி. முன்னால் லட்டு வாங்கி வைத்தவர்கள் உண்டு. அடுத்த 28 ரன்னுக்குள் ஏழு விக்கெட்! 219-ல் முடிந்தது. ஒன்பது ரன். அன்யா ஷ்ரப்சோல் 46 ரன்னுக்கு 6 விக்கெட். மிதாலி 17-ல் ரன் அவுட்.

தோற்ற ஆட்டம்தான். ஆனால் பெண் பிள்ளைகளை கிரிக்கெட் பயிற்சிக்குச் சேர்க்கும் அப்பாக்கள் கூடியது அதற்குப் பிறகுதான் என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

★ சர்வதேச டி20-யில் 2,000 ரன்னைத் தொட்ட முதல் இந்தியர் யார்? கோலி? ரோஹித்? இருவருக்கும் முன்னால் 2018 ஜூனில் மிதாலி தொட்டுவிட்டார். 'மெதுவாக ஆடுகிறார்' என்று அவர்மேல் எப்போதும் ஒரு புகார் உண்டு. அதே வருடம் நவம்பரில் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். இந்தியா இங்கிலாந்திடம் எட்டு விக்கெட்டில் தோற்றது. அவர் ஆடியிருந்தால் வென்றிருக்குமா? தெரியாது. ஆனால் அந்தப் போட்டியில் இரண்டு அரைச்சதம் எடுத்திருந்தவரைப் பெஞ்சில் வைத்தது சரியில்லை என்பதே என் கட்சி.

★ அவருடைய ஒருநாள் ஆட்டக் கணக்கு: 232 ஆட்டம், 7,805 ரன், சராசரி 50.68, சதம் 7, அரைச்சதம் 64. ஆறு உலகக் கோப்பைகள். 155 ஒருநாள் ஆட்டங்களுக்குக் கேப்டன். 200 ஒருநாள் ஆட்டங்களைத் தொட்ட முதல் பெண், 6,000 ரன்னைத் தொட்ட முதல் பெண். முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் இடையே 22 வருடம் 274 நாள். சச்சினின் ஒருநாள் வாழ்க்கை 22 வருடம் 91 நாள். இதை நாளை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசி ஆட்டம் 2022 மார்ச் 27, கிறைஸ்ட்சர்ச். உலகக் கோப்பை லீக் ஆட்டம், வென்றால் அரையிறுதி. மிதாலி 68 எடுத்தார். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவின் டு ப்ரீஸ் தூக்கி அடித்த பந்தைப் பிடித்தாயிற்று, கொண்டாட ஓடியாயிற்று, அப்புறம் பார்த்தால் நோ பால்! கடைசிப் பந்தில் தோல்வி. ஜூன் 8-ஆம் தேதி ஓய்வை அறிவித்தார்.

★ பெண்கள் கிரிக்கெட்டில் எது மாறும், எது மாறாது? பிட்ச் நீளம் அதே 22 கஜம். பந்து மட்டும் கொஞ்சம் இலேசு: 140 முதல் 151 கிராம். ஆண்களுக்கு 156 முதல் 163. எல்லைக்கோடு 60 முதல் 70 கஜத்துக்குள். டெஸ்ட் பொதுவாக நான்கு நாள், ஆனால் ஒரு நாளைக்கு 100 ஓவர். ஆண்களுக்கு 90 தான்.

★ பள்ளிக்கரணையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் காலி மனையையும் பாருங்கள். மூன்று செங்கல் அடுக்கினால் ஸ்டம்ப். சுவர் தாண்டினால் அவுட். ஒன் பிட்ச் கேட்ச் உண்டு. மட்டை யாருடையதோ அவனுக்கு முதல் காஜி. ஓரமாக நிற்கும் தங்கச்சிக்கு? இரண்டு பக்கத்துக்கும் பந்து பொறுக்கும் வேலை. ரொம்ப அழுதால் ஒப்புக்குச் சப்பாணியாகக் கடைசியில் நாலு பந்து, அதுவும் உருட்டி விடுவார்கள். மழைக்காலம் வந்தால் அந்த மனையும் குளம். சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர், தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் வரும். வடிந்த பிறகு பார்த்தால் பாதி மனையில் அடுக்குமாடிக்குப் பள்ளம் தோண்டியிருப்பார்கள். ஆட இடம் குறையக் குறைய முதலில் வீட்டுக்குள் போவது பெண் பிள்ளைதான்.

சென்னையில் தெருவில் பையன்களோடு ஆடிய ஒரு பெண் ரொம்பத் தாமதமாகத்தான் முறையான பயிற்சிக்கே வந்தார். பெயர் தயாளன் ஹேமலதா. 2018-ல் இலங்கையில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடிவிட்டார். பெண்கள் பிரீமியர் லீக்கில் குஜராத் அணிக்கும் ஆடியிருக்கிறார். உருட்டி விட்ட பந்தை அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

★ பிள்ளைக்குப் புது மட்டை வாங்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். கடையிலிருந்து வந்த அன்றே தோல் பந்தை அடிக்க விடாதீர்கள். ஆளி விதை எண்ணெயை மெல்லப் பூசி, படுக்க வைத்து ஊறவிட்டு, மரச் சுத்தியலால் ஓரங்களையும் முகத்தையும் பொறுமையாகத் தட்டிப் பழக்க வேண்டும். 'நாக்கிங்' என்பார்கள். நல்ல மட்டைக்கு மணிக்கணக்கில் தட்ட வேண்டும். பக்கத்து பிளாட்காரர் கதவைத் தட்டுவார், தயாராக இருங்கள். இன்னொன்று: 'வளர்ற பிள்ளைதானே' என்று பெரிய சைஸ் மட்டை வாங்காதீர்கள். மணிக்கட்டு போய்விடும்.

★ 2024 ஜூன் 28. சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட். ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் முதல் விக்கெட்டுக்கு 292. ஸ்மிருதி 149. ஷஃபாலி 205, ஆடியது 197 பந்து. பெண்கள் டெஸ்ட்டில் அதிவேக இரட்டைச் சதம். மிதாலிக்குப் பிறகு இரட்டைச் சதம் அடித்த இரண்டாவது இந்தியப் பெண், 22 வருடம் கழித்து. முதல் நாள் முடிவில் 4 விக்கெட்டுக்கு 525! மறுநாள் 6 விக்கெட்டுக்கு 603-ல் டிக்ளேர். பெண்கள் டெஸ்ட் வரலாற்றில் எந்த அணியும் 600-ஐத் தொட்டதே இல்லை அதுவரை. பிறகு ஸ்னே ரானா 77 ரன்னுக்கு 8 விக்கெட். ஃபாலோ ஆன் ஆகியும் தென்னாப்பிரிக்கா இரண்டாம் முறை 373 எடுத்துப் போராடியது. பத்து விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. உலக சாதனை நம் ஊரில் நடந்தது என்று தெரியாமல் அன்று ஓ.எம்.ஆர். சிக்னலில் நின்றுகொண்டிருந்தவர்கள் நம்மில் ஏராளம்.

★ மதுரைப் பெண் கமலினி. இடதுகை ஆட்டம், விக்கெட் கீப்பிங். 2024 டிசம்பரில் நடந்த பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம், மும்பை அணி எடுத்தது 1.6 கோடிக்கு. வயது 16. அடுத்த ஏறக்குறைய இரண்டு மாதத்தில் 19 வயதுக்குட்பட்டோர் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56, கையில் கோப்பை, அதுவரை அந்த லீக்கில் ஆடியவர்களில் மிக இளையவர் என்ற பெயர். பயிற்சி எடுத்தது சென்னையில். ஆனால் லீக்கில் சென்னை என்று ஒரு அணியே கிடையாது! மும்பை, டெல்லி, பெங்களூர், குஜராத், உ.பி. ஆகிய ஐந்துதான். மஞ்சள் சட்டை போட்டு விசில் அடிக்கும் ஊருக்கு இது அழகில்லை.

★ 2025 நவம்பர் 2, நவி மும்பை. இந்தியா 298, தென்னாப்பிரிக்கா 246. உலகக் கோப்பை கைக்கு வந்தது. கேப்டன் ஹர்மன்பிரீத்தின் அணி அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்திலேயே முன்னாள் வீராங்கனைகள் மிதாலி, ஜுலன் கோஸ்வாமி, அஞ்சும் சோப்ரா மூவரிடமும் கொண்டுபோய்க் கொடுத்தது. இரண்டு இறுதி ஆட்டங்களில் தோற்ற கேப்டன் மூன்றாவதில் வர்ணனையாளராக வந்து கோப்பையைத் தூக்கினார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் விசாகப்பட்டினம் மைதானத்தில் ஒரு பார்வையாளர் மாடத்துக்கு மிதாலி ராஜ் பெயர் வைத்தார்கள்.

★ கடைசியாக ஒரு பயணக் குறிப்பு. பள்ளிக்கரணையிலிருந்து வேளச்சேரி ஸ்டேஷன் வரை பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. அங்கே பறக்கும் ரயில் ஏறினால் நேரே சேப்பாக்கம் நிலையம், இறங்கினால் மைதானம் பக்கத்திலேயே. பார்க்கிங் தொல்லை இல்லை. அடுத்து பெண்கள் ஆட்டம் சேப்பாக்கத்துக்கு வரும்போது வீட்டுப் பெண் பிள்ளையையும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு நாளாவது போய் உட்காருங்கள். கூட்டம் வந்தால்தான் அடுத்த ஆட்டத்தை இங்கே போடுவார்கள்.